தோணிக்கு இருந்த வாக்கு

என் தங்கச்சி, என் வாயாடி, என் தெய்வானைக்கு,

நீ போய் ஒரு வருசமாகிறது. நாளை மறுநாள் உன் திவசம். இப்படியான நாளுக்குப் பேப்பரில் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் பூ வைத்து, அதற்குக் கீழே நாலு வரி எழுதுவார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். உயிரோடு இருந்தபோது நீ நாலு வரிக்குள் அடங்கினவளா? அதனால் கடிதமாகவே சொல்லுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் சுகந்தி எழுதுகிறாள். ஊரும் வாசிக்கட்டும். வாசிக்க வேண்டியவர்கள் சிலர் ஊரில் இருக்கிறார்கள்.

"மாமா, மெல்லச் சொல்லுங்க. உங்கட வாய் ஓடுற ஓட்டத்துக்கு என்ட கை ஓடாது."

"உன்ட அம்மா ஓடுவாள்."

"அம்மா எங்க மாமா எழுதினவ? அவ கத்தினவ."

அதுவும் உண்மைதான். உன் மகளுக்கு உன் வாய் அப்படியே வந்திருக்கிறது. அதைத்தான் முதலில் உனக்குச் சொல்ல நினைத்தேன்.

அடுத்த செய்தி கேட்டால் நீ கோபப்படுவாயோ தெரியாது. வாக்காளர் இடாப்பிலிருந்து உன் பேரை நான்தான் வெட்டச் சொன்னேன். இடாப்புப் பதிகிற விதானையார் வீடு வீடாய் வந்தபோது, "அவசரமில்ல ஐயா, அடுத்த முறை பாப்பம்" என்றார். "இப்பவே வெட்டுங்க" என்றேன். "செத்தவள்ட பேரில ஒருத்தரும் வந்து நிக்கப்படாது." மனிசன் கோடு கீறினார். பேனை கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் உன் புருசன் இராசரெத்தினத்தின் பேரை நான் தொடவில்லை. அது நீ வைத்திருந்த பேர். அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. விதானையாரும் கேட்கவில்லை. நீ எழும்பி வந்துவிடுவாய் என்று பயந்தாரோ என்னவோ.

வாசிக்கிறவர்களுக்கு இது விளங்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் இராசரெத்தினம் மச்சான் சைக்கிளில் இறால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. துவக்கு வைத்திருந்த எல்லாரிடமும் நீயும் நானும் போய்க் கேட்டோம். எல்லாரும் ஒரே மாதிரித் தலையை ஆட்டினார்கள். பிறகு ஒரு அரசாங்கக் கந்தோரில், மரணச் சான்றிதழ் தருகிறோம், நிவாரணம் கிடைக்கும் என்றார்கள். "செத்ததைக் கண்ட ஆளைக் கூட்டிவாங்க, மறுகா கையெழுத்து வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அதோடு ஒவ்வொரு வருசமும் அவன் பேரை இடாப்பில் பதிவித்தாய். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அவனையும் சேர்த்தே சொல்வாய்.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. நீ பெண்கள் வரிசையில், நான் பக்கத்து வரிசையில் உனக்குச் சற்றுப் பின்னால். உள்ளே ஒரு உத்தியோகத்தர் இலக்கத்தையும் பேரையும் சத்தமாக வாசிப்பார். கட்சிக்காரரின் ஏஜென்டுகள் கேட்டு, ஆள் சரியா என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை. அப்படி வாசித்துக்கொண்டு வந்தவர், "இராசரெத்தினம்" என்றார்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை தெய்வானை. முதுகைத்தான் பார்த்தேன். அந்த முதுகே சிரித்தது. அத்தனை வருசமாய்க் கூனிப்போயிருந்த முதுகு ஒரு நிமிசம் கலியாணப் பெண்ணின் முதுகு மாதிரி நிமிர்ந்தது. நீ வரிசையை விட்டு உள்ளே ஓடினாய்.

அங்கே நின்றவன் ஒரு இளந்தாரி. புதுச் சாறன், எண்ணெய் வைத்துச் சீவின தலை. நீ அவன் சேட்டுக் கழுத்தைப் பிடித்தாய்.

"ஆருடா நீ?"

"நான்... இராசரெத்தினம்."

"அப்ப நான் ஆருடா உனக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏஜென்டுகள் எல்லாரும் திடீரென்று கடதாசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு உன் புருசனையும் தெரியும், வந்தவன் யார் ஆள் என்பதும் தெரியும். பெரிய உத்தியோகத்தர் எழும்பி, "அம்மா, சத்தம் போடாதீங்க, வாக்கெடுப்பு நடக்குது" என்றார். "வாக்கெடுப்பு நடக்கல்ல ஐயா, களவு நடக்குது" என்றாய். அந்தப் பொடியன் உன் பிடியிலிருந்து சேட்டை விடுவித்துக்கொண்டு நடந்து போய்விட்டான். ஒருவரும் மறிக்கவில்லை. நீ உன் வாக்கைப் போட்டாய், விரலில் மை பூசிக்கொண்டு வெளியே வந்தாய், வெயிலில் குந்தினாய்.

"அண்ணன், அந்தப் பேரைக் கேட்ட உடன எனக்குச் சந்தோசம் வந்திட்டு. பொய்யன் வாய்க்கு வந்த பேர் எண்டு தெரியாம நான் சந்தோசப்பட்டன். இதை நான் விடமாட்டன்."

விடவில்லைத்தான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் நீயே ஏஜென்டாக உள்ளே போய் இருந்தாய். எந்தக் கட்சி என்று உனக்குக் கவலையில்லை. வேட்பாளர் யார் வாசலுக்கு வந்தாலும், "எனக்குக் காசும் வேணாம் சீலையும் வேணாம், உள்ளுக்கு இருக்கிறதுக்கு ஒரு கதிரை தாங்க" என்பாய். கதிரை கிடைத்தது. அந்தப் பேரை வாசித்தால், "அவர் வரல்ல" என்று சொல்வதற்கு ஒரு ஆள் உள்ளே இருந்தாள்.

எங்கள் வயதுக்காரர் வாக்கைப் பற்றி அறிந்தது புத்தகத்தில் இல்லை, தெய்வானை. விரலில் மை இருந்தால் ஏன் போட்டாய் என்று இரவில் வருகிறவன் கேட்பான், மை இல்லாவிட்டால் ஏன் போடவில்லை என்று பகலில் வருகிறவன் கேட்பான், அப்படி ஒரு காலம் இருந்தது. ஒரு சின்ன விரலை எங்கே ஒளிப்பது? அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. போட்டதை அடுத்தவன் அறிந்தால் அது வாக்கில்லை, காட்டிக்கொடுப்பு.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் இந்த வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றில் யார் எங்கே வலை போடுவது, எந்த மாதம் எதைப் பிடிப்பது, வெளியாள் வந்தால் விடுவதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது மீனவர் சங்கம். சங்கத்தில் தோணிக்கு ஒரு வாக்கு. ஆளுக்கு இல்லை. ஒரு தோணிக்காரன் ஒரு கையைத் தூக்குவான். இரண்டு தோணிக்காரன் இரண்டு கையையும் தூக்குவான், சாமி கும்பிடுகிற மாதிரி. ஒரு கூட்டத்தில் நீ ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாய்:

"மூணு தோணி இருந்தா என்னகா செய்வான், காலையும் தூக்குவானா?"

மூன்று தோணிக்காரர் அந்தக் கஷ்டம் படவில்லை. தலைவர் மகேசனின் வழியைப் பார்த்தார்கள். அவன் தன் தோணிகளை மருமக்களின் பேரில் பதிந்து, அந்த மருமக்களை வரிசையாய் முன்னுக்கு இருத்தி, தன் கையோடு அவர்கள் கையும் எழும்பும்படி பார்த்துக்கொண்டான். அவன் தம்பி பின்னால் நின்று எவன் கை எழும்பவில்லை என்று பார்ப்பான்.

பெண்களுக்குத் தோணி இல்லை. கண்ணாக் காட்டின் ஓரத்தில், அந்த மரங்களின் வேர் இறங்கின ஆழமில்லாத தண்ணீருக்குள் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, இடுப்புக் கூடைக்குள் போடுகிறவர்கள் அவர்கள். நீயும் அப்படித்தான் சுகந்தியை வளர்த்தாய். குடி எது என்று கேட்டால் நாங்கள் தாயின் குடியைச் சொல்கிறவர்கள். வீடு வளவு பெண்ணுக்கு என்று எழுதுகிறவர்கள். பிரதேச சபையில் கூடப் பெண்களுக்கு என்று இடம் வைத்து அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. எங்கள் சங்கத்தில் மட்டும் பலகைக்கு வாக்கு இருந்தது, பெண்ணுக்கு இருக்கவில்லை.

நீ அன்றைக்கு ஜன்னலை விட்டு வாசலால் உள்ளே வந்தாய்.

"தெய்வானக்கா, உங்களுக்குத் தோணி இருக்கா?" என்று மகேசன் கேட்டான், சபைக்குச் சிரிப்புக் காட்டுகிறவன் மாதிரி.

"இல்ல."

"அப்ப எதுக்கு வாக்கு?"

"உங்கட தோணி தண்ணிக்கு மேல நிக்குது, தம்பி. நாங்க தண்ணிக்குள்ள நிக்கிறம். ஆத்தைப் பத்திக் கதைக்க ஆருக்கு உரிமை?"

பெண்களைச் சேர்ப்பதற்கு யார் சம்மதம் என்று கேட்டார்கள். நான் ஒரு தோணிக்காரன், ஒரு கையைத் தூக்கினேன். சுற்றிப் பார்த்தால் அந்தக் கூரைக்குக் கீழே என் கை மட்டும்தான். அடுத்த முறை வலை போடும் இடம் பிரித்தபோது எனக்குக் கிடைத்தது பாசி மண்டின மூலை. வலையில் மீனை விடப் பாசி கூட. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாசியை உதறினேன். நீ கரையில் நின்று சொன்னாய்:

"அவங்க வேணாம் எண்டு கை தூக்காம விடல்ல, அண்ணன். பயத்தில விட்டவங்க. கையில பிழை இல்ல, பார்க்கிற கண்ணிலதான் பிழை. கண்ணை மறைச்சாக் கை தானா எழும்பும்."

அன்றிலிருந்து உன் கோரிக்கை இரண்டானது. ஆளுக்கு ஒரு வாக்கு. அதுவும் மறைவாக. இதற்குப் பெரிய பேர்கள் இருக்கிறதாம், மனித உரிமை, சனநாயகம் என்று. டவுனில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து நீ எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நாம கேக்கிறதைத்தான் அவங்களும் சொல்றாங்க, அண்ணன். கொஞ்சம் நீட்டிச் சொல்றாங்க."

அதைக் காணாமலே நீ போய்விட்டாய். நெஞ்சு நோகுது என்றாய். ஓட்டோ பாலத்தைத் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லமாட்டேன். சுகந்தி பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

சரி, எழுதுகிறாள். இனி நடந்ததைக் கேள்.

நீ போன பிறகு, வெளியூரிலிருந்து இறால் பண்ணைக்காரர் வந்தார்கள். கண்ணாக் காட்டு ஓரத்தை வளைத்து, வேலி போட்டு, குளம் வெட்டி இறால் வளர்க்கப் போகிறார்களாம். பெண்கள் இறங்குகிற அதே தண்ணீர். சங்கம் சம்மதம் கொடுக்க வேண்டும். மகேசனுக்கு நல்ல விருப்பம். ஊருக்கு ரோட்டு வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும் என்கிறான். வரலாம். நான் பொய் சொல்லமாட்டேன், சிலருக்கு வேலை வரும். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் நிற்கிறவளைக் கேட்காமல் அதை விற்க நீ யார்?

பெண்கள் சங்கத்து வாசலில் வந்து குந்தினார்கள். எழும்பிப் போகச் சொன்னபோது போகவில்லை. அதன் பிறகுதான் மகேசன் என் வீட்டுக்கு வந்தான். கையில் உன் படம், கண்ணாடி போட்டு, பெரிதாக்கினது.

"மூத்தண்ணன், சங்க மண்டபத்துக்குத் தெய்வானக்கான்ட பேரை வைக்கப் போறம். முன்னுக்குப் பலகை. உள்ளுக்கு இந்தப் படம். உங்கட கையாலதான் திறக்க வேணும்."

"நல்லம். அவள் கேட்ட வாக்கு?"

"அதை ஆறுதலாப் பாப்பம். இப்ப எதுக்குச் சண்டை? அக்காக்கு ஒரு மரியாதை செய்வமே முதல்ல."

"மகேசன், உயிரோட இருந்தவளை வாசலில நிப்பாட்டினாய். செத்த பிறகு செவரில தொங்கவிடப் போறாயா?"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணன். ஊரே சந்தோசப்படும்."

"அவள்ட பேர் பலகைக்கு இல்ல மனே. படத்தை வைச்சிட்டுப் போ, அது எங்கட வீட்டுச் செவருக்கு நல்லாயிருக்கும். பலகை வேணாம்."

நான் செய்தது சரிதானே, தெய்வானை? உனக்கு அந்தப் பலகையில் ஆசை இருந்திருக்குமோ? எத்தனையோ இரவு யோசித்துவிட்டேன். மண்டபத்து முகப்பில் உன் பேர், அதை வாசிக்கத் தெரியாத நான் தினமும் அதன் கீழால் போகிறேன். நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இராசரெத்தினத்தின் பேரை ஒருவன் தன் வேலைக்கு எடுத்ததை நீ பொறுக்கவில்லை. உன் பேரை இன்னொருவன் தன் வேலைக்கு எடுக்க நான் எப்படிக் கொடுப்பேன்?

பெண்கள் மீன்பிடிக் கந்தோருக்குப் போனார்கள். அங்கே புதிதாய் வந்திருக்கிற மிஸ் நியாயமான பிள்ளை. சங்கத்து விதிகள் எழுதின யாப்பை வாசித்துப் பார்த்தாள். அங்கத்தவர் ஒருவர் கேட்டாலே மறைவாக வாக்கெடுக்கலாம் என்று அதிலேயே இருக்கிறதாம். இவ்வளவு காலமும் அதை ஒருவரும் எங்களுக்கு வாசித்துச் சொல்லவில்லை. அங்கத்தவனாய் நான் கேட்டேன், கூட்டம் வைத்தார்கள். மிஸ் மேசையில் இருந்தாள். மகேசன் எழும்பினான்.

"மிஸ், நாங்க மறைவா எடுக்கமாட்டம் எண்டு சொல்லல்ல. ஆனா இஞ்ச எழுத வாசிக்கத் தெரியாத வயசாளிகள் இருக்கிறாங்க. மூத்தண்ணனையே பாருங்க. அவரைப் போல ஆக்களுக்காகத்தான் நாங்க கை தூக்குற முறையை வச்சிருக்கம்."

நானும் எழும்பினேன்.

"என்னைச் சாட்டி உன்ட வேலையைப் பாக்காத, மகேசன். உன்ட அப்பனுக்கு மீசை முளைக்க முந்தியே நான் வாக்குப் போட்டவன். எனக்குப் பேர் எழுதத் தெரியாது, குறுக்காக் கோடு கீறிப் புள்ளடி போடத் தெரியும். சாவடியில ஒருத்தன் 'ஐயாக்கு எழுத்துத் தெரியாதுதானே, நான் போட்டுத் தாறன்' எண்டான். 'என்ட சோத்தை நீ திண்டா என்ட வயிறு நிறையுமாடா' எண்டு கேட்டனான். கடதாசியைத் தா. படம் கீறித் தா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மிஸ் சிரித்துக்கொண்டு படம் கீறினாள். பழைய முறை வேண்டும் என்றால் தோணிக்கு மேல் புள்ளடி. புது முறை, அதாவது ஆற்றில் தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்றால் ஆளுக்கு மேல் புள்ளடி.

"மிஸ், நீங்க கீறின தோணிக்குள்ள தண்ணி ஏறும் போல இருக்கே" என்றான் ஒருவன்.

"அதில நீங்க போகப் போறதில்லையே" என்றாள் மிஸ்.

இன்னொருவன் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குச்சிக் கை, குச்சிக் கால், உருண்டைத் தலை.

"இது ஆம்பிளையா பொம்பிளையா, மிஸ்?"

"ஆள்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை நீ கேட்டிருக்க வேண்டும். உன் நீட்டுப் பேச்செல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

மூலையில் பந்தல் சீலையைக் கட்டி மறைத்தார்கள். மகேசனின் தம்பி வழக்கம் போல அதன் பக்கத்தில் போய் நின்றான். ஜன்னலில் நின்ற பெண்களில் ஒருத்தி சத்தம் போட்டாள்: "மிஸ், அவனை அங்கால நிக்கச் சொல்லுங்க. சீலைக்குப் பின்னால எட்டிப் பாக்கிறதே அவனுக்குத் தொழில்!" சபை முழுவதும் சிரித்தது. அவன் காது சிவந்து வெளியே போனான். இரண்டு தோணிக்காரர் இரண்டு கடதாசியோடு சீலைக்குள் போனார்கள். மகேசனின் மருமக்களும் ஒவ்வொருவராய்ப் போனார்கள். முதல் முறையாக மாமாவின் கை தெரியாத ஒரு இடத்தில் தனியே நின்றார்கள்.

மிஸ் ஒவ்வொரு கடதாசியாய் விரித்துச் சத்தமாக வாசித்தாள். தோணி. தோணி. ஆள். தோணி. ஆள். ஆள். பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுகந்தியும் நின்றாள். தோணி முந்தும், ஆள் பிடிக்கும். பிடித்த ஆள் கடைசியில் தோணியை விட்டுவிட்டு முன்னால் போனான். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வென்றோம். தெய்வானை, என் ஒரு கை மட்டும் எழும்பின அதே மண்டபத்தில், அதே ஆட்களோடு வென்றோம்.

மகேசன் திரும்ப எண்ணச் சொன்னான். திரும்ப எண்ணினாலும் அதேதான் வந்தது. பிறகு மருமக்கள் பக்கம் திரும்பினான். மருமக்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாத முகத்தோடு, ஒரே மாதிரி, முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தன் தோணிகளில் எது தன்னைக் கவிழ்த்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. பாசி மூலைக்கு யாரை அனுப்புவது என்றும் தெரியாது. நீ சொன்னது அதுதானே?

சண்டை அதோடு முடியவில்லை. இனிப் பண்ணைக்குச் சம்மதமா இல்லையா என்று எல்லாருமாய் வாக்குப் போட வேண்டும். மகேசன் அதைத் தள்ளித் தள்ளிப் போடுகிறான். மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்கிறது என்றான். திருவிழா என்றான். புது அங்கத்தவர் பதிவு ஒழுங்காக வேண்டும், முறையைத் திருத்தித்தான் நடத்த வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாகாண சபைக்கு வாக்குப் போட்டு எவ்வளவு காலம்? தேர்தல் முறையைத் திருத்தப் போகிறோம் என்று சொல்லிச் சொல்லியே தேர்தலை வைக்காமல் விட்டவர்கள் அல்லவா மேலே இருக்கிறார்கள்? மகேசன் யாரைப் பார்த்துப் பழகினான்?

திருத்துங்கள். நான் வேண்டாம் என்கிறவன் இல்லை. நல்லாகத் திருத்துங்கள். கத்தாரில் வேலை செய்கிற எங்கள் பொடியன் காசு அனுப்ப ஆயிரம் வழி வைத்திருக்கிறீர்கள், வாக்கு அனுப்ப ஒரு வழி வையுங்கள். கண் தெரியாதவன் தானே தொட்டுப் பார்த்துப் போட வழி வையுங்கள். ஆனால் திருத்தி முடியும் வரைக்கும் என் வாக்கைக் கந்தோர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். வீடு திருத்துகிறவன் குடியிருக்கிறவளைத் தெருவில் நிற்பாட்டுவானா? வாக்கு நீங்கள் தருகிற நிவாரணப் பொதி இல்லை. குறித்த நாளில் தா, குறையாமல் தா, நான் எதைப் போட்டேன் என்று கேட்காதே. எழுத்துத் தெரியாத கிழவனுக்குத் தெரிந்த அரசியல் இவ்வளவுதான்.

இனித் தள்ள முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மிஸ் கடிதம் போட்டுவிட்டாள். மண்டபத்தைப் பூட்டினால் ஆற்றங்கரையில் சீலையைக் கட்டி நடத்துவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னால் செய்வார்கள்.

ஆனால் தெய்வானை, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் மகள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள், அவள் முன்னாலேயே சொல்லுகிறேன். பண்ணைக்காரர் சுகந்திக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கந்தோருக்குள், மின்விசிறிக்குக் கீழே, மாதச் சம்பளம். உன்னைப் போலத் தண்ணீருக்குள் குந்திக் குந்தி அவள் இடுப்பும் போகத் தொடங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். அந்த வேலையை அவள் நினைப்பது பிழையா? எனக்குத் தெரியவில்லை. வேலி வந்தால் மற்றப் பெண்கள் எங்கே இறங்குவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போதுதான் கேட்டேன், இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"புள்ள, ஞாயிற்றுக்கிழமை நீ எதுக்குப் போடப் போறாய்?"

எழுதின பேனை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதை எதுக்கு மாமா கேக்கிறீங்க?"

"நான் உன்ட தாய்மாமன். கேக்கக்கூடாதா?"

"அம்மா உயிரோட வந்து கேட்டாலும் சொல்லமாட்டன்."

"உன்ட அம்மா சண்டை பிடிச்சு வாங்கின வாக்கடி அது!"

"வாங்கி என்னட்டத் தந்திட்டாதானே, மாமா? மறுகா அது என்ட."

எனக்கு முதலில் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லுகிறேன், கைத்தடியைத் தேடினேன். உன் தண்ணீர், உன் சண்டை, நான் உதறின பாசி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பயமில்லை. ஒரு துளி பயமில்லை. இந்த ஊரில் கேட்டவன் முகத்துக்கு நேரே "சொல்லமாட்டேன்" என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். நான் சிரித்துவிட்டேன். இருமல் வரும் வரைக்கும் சிரித்தேன். அவள் தண்ணீர் கொண்டு வந்து தந்துவிட்டு, திரும்பக் குந்தி எழுதத் தொடங்கினாள். ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறாள். தன்னைப் பற்றினதையும் எழுதுகிறாள்.

ஆகவே தெய்வானை, உனக்கு நான் தருகிற வாக்குறுதி இது. ஞாயிற்றுக்கிழமை சுகந்தி சீலைக்குள் போகும்போது நான் வெளியே நிற்பேன். மகேசன் கேட்டாலும், பண்ணைக்காரர் கேட்டாலும், தண்ணீருக்குள் நிற்கிற பெண்களே கேட்டாலும், அவள் பதில் சொல்லத் தேவையில்லாதபடி நான் பார்த்துக்கொள்வேன். வெளியே வந்த பிறகு அவள் முகத்தில் தேடமாட்டேன். நாங்கள் தோற்றாலும் தேடமாட்டேன். இனி என் வாயால் கேட்கமாட்டேன். நீயும் அவள் கனவில் வந்து கேட்காதே.

மருமகளின் வாக்கு எதுவென்று தெரியாத,
உன் அண்ணன்,
மூத்ததம்பி